பழைய சோனிக் விஷுவலைசர் வேலைகளை விண்டோஸ் 11-க்குக் கொண்டுவருவது எப்படி?

சோனிக் விஷுவலைசர் ஒலிப்பதிவைத் திரையில் காட்டி அதன்மேல் குறிகள் வைக்க உதவும் நிரல். மெலோடியா அதற்குள் ஓடி, சுருதி ஏறி இறங்குவதைக் கோடாக எடுத்துத் தரும் ப்ளகின், அதாவது கூடுதல் கருவி. இவற்றைப் பற்றி வந்த கேள்வி இது: "விண்டோஸ் 7 லேப்டாப்பில் சோனிக் விஷுவலைசரின் பழைய பதிப்பை வைத்துக் கர்நாடக ஆலாபனைப் பதிவுகளுக்குச் சுருதிக்கோடு எடுத்து வைத்திருந்தேன். அந்த லேப்டாப் போய்விட்டது, கோப்புகள் மட்டும் பென்டிரைவில் இருக்கின்றன. விண்டோஸ் 11-இல் புதிய பதிப்பைப் போட்டால் மெலோடியா ப்ளகின் மெனுவிலேயே இல்லை. பழைய கோப்புகளில் சில ஒலிக்கோப்பு எங்கே என்று கேட்கின்றன. திறந்தவற்றிலும் நான் வைத்த தாளக்குறிகள் அடியை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்பதுபோல் இருக்கிறது. மைக்கில் பதிவு செய்தால் வெறும் மௌனம்தான் வருகிறது. பழைய பதிப்பையே தேடிப்பிடித்துப் போடுவதுதான் வழியா?"

வேண்டாம். பழைய பதிப்பு விண்டோஸ் 11-இல் பெரும்பாலும் ஓடவே செய்யும், அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு அல்ல, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு. பழைய பதிப்பைப் போட்டால் அவற்றில் ஒன்றிரண்டு மறையும், மற்றவை அப்படியே இருக்கும், எது எதனால் சரியானது என்றும் தெரியாது. தனித்தனியாகப் பார்ப்போம். நான்கில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது மூன்றாவதுதான், தாளக்குறி விலகல். மற்ற மூன்றும் கண்ணுக்குத் தெரியும் கோளாறுகள். அது மட்டும் சத்தமில்லாமல் உங்கள் அளவீட்டையே மாற்றிவிடும்.

எதையும் தொடுவதற்கு முன் பென்டிரைவில் இருப்பதை அப்படியே இன்னோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். புதிய பதிப்பில் பழைய கோப்பைத் திறந்து, பழக்க தோஷத்தில் சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டால் புதிய வடிவத்தில் மேலெழுதப்பட்டுவிடும். அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இருக்காது.

முதலில் மெலோடியா. சோனிக் விஷுவலைசர் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் இசை மையத்தில் உருவானது. ஒலியைக் காட்டுவதும் குறிகளை வைத்துக்கொள்வதும் அதன் வேலை. சுருதி கண்டுபிடிப்பது, தாளம் கண்டுபிடிப்பது போன்ற கணக்குகளில் பெரும்பாலானவற்றை அது செய்வதில்லை. அவற்றை வேம்ப் என்ற வகை ப்ளகின்கள் செய்கின்றன. விண்டோஸில் ஒவ்வொரு ப்ளகினும் ஒரு டிஎல்எல் கோப்பு, அதாவது வேறொரு நிரல் தனக்குள் ஏற்றிக்கொள்ளும் நிரல்துண்டு. மெலோடியா பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழக இசைத் தொழில்நுட்பக் குழு வெளியிட்டது. அதன் முறையை சாலமோனும் கோமெஸும் 2012-இல் கட்டுரையாக எழுதினார்கள். பக்கவாத்தியம், தம்புரா எல்லாம் கலந்த பதிவிலிருந்து முதன்மைக் குரலின் சுருதியை மட்டும் பிரித்தெடுக்க முயல்வது அதன் சிறப்பு. அதே குழு ஐரோப்பிய ஆய்வு மன்ற நிதியில் நடத்திய காம்ப்மியூசிக் திட்டத்தில் சென்னை ஐஐடியும் பங்கெடுத்தது. கர்நாடக இசையை ஆராய்கிறவர்கள் பலரிடம் இந்த ப்ளகின் இருப்பதற்கு அந்தத் திட்டமும் ஒரு காரணம்.

சிக்கல் என்னவென்றால், விண்டோஸுக்காக வந்த மெலோடியா பழைய 32-பிட் வகை டிஎல்எல், நீங்கள் போட்ட புதிய சோனிக் விஷுவலைசரோ 64-பிட். 64-பிட் நிரல் ஒன்றால் 32-பிட் டிஎல்எல்லைத் தனக்குள் ஏற்றிக்கொள்ள முடியாது. இது விண்டோஸ் 11-இல் வந்த கட்டுப்பாடு அல்ல, 64-பிட் விண்டோஸ் வந்த நாளிலிருந்து இருப்பதுதான். பழைய லேப்டாப்பில் நீங்கள் வைத்திருந்த சோனிக் விஷுவலைசரே 32-பிட்டாக இருந்ததால் அங்கே இது உறைக்கவில்லை. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு நிரல் 64-பிட்டுக்கு மாறியதும் அதில் மெலோடியாவை வைத்திருந்தவர்கள் அதை இழந்தது இதனால்தான். பைத்தான் நிரல்மொழியில் வேம்ப் தொகுதி வழியாகக் கூப்பிடுகிறவர்களுக்கும் இதே கதை: பைத்தான் 64-பிட்டாக இருந்தால் ப்ளகின் பட்டியலில் மெலோடியா வராது, பிழைச்செய்தியும் தெளிவாக இருக்காது.

சோனிக் விஷுவலைசரில் மட்டும் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். பதிப்பு 3-இலிருந்து அது ப்ளகின்களைத் தன் உள்ளே ஏற்றுவதில்லை. தனியாக ஒரு சிறிய துணை நிரலை ஓட்டி, ப்ளகினை அதற்குள் ஏற்றி, விடையை மட்டும் வாங்கிக்கொள்கிறது. ப்ளகின் செத்தாலும் முதன்மை நிரல் சாகாது என்பது ஒரு லாபம். துணை நிரலில் 32-பிட் வகையும் கூடவே வருவதால் 64-பிட் நிரலிலிருந்தே 32-பிட் ப்ளகினை ஓட்டலாம் என்பது இன்னொரு லாபம். நமக்கு வேண்டியது இரண்டாவது.

ஆனால் துணை நிரல் தேடுகிற இடத்தில் ப்ளகின் இருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். 64-பிட் ப்ளகின்கள் சி டிரைவின் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் 'வேம்ப் ப்ளகின்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்க வேண்டும். 32-பிட் ப்ளகின்களுக்கு அதன் பக்கத்திலேயே பெயருக்குப் பின்னால் எக்ஸ்86 என்று போட்ட இன்னொரு ப்ரோகிராம் ஃபைல்ஸ் இருக்கிறதே, அதற்குள்ளே 'வேம்ப் ப்ளகின்ஸ்' இருக்க வேண்டும். பெயர் ஆங்கில எழுத்தில், இரண்டு சொல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளியோடு. ஃபோல்டர் இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம், நிர்வாகி அனுமதி கேட்கும், கொடுங்கள். ஜிப்பில் டிஎல்எல்லோடு கூட வரும் சிறிய கோப்புகளையும் அங்கேயே போடுங்கள். மெனுவில் ப்ளகினை எந்த வகையில் காட்டுவது என்பது போன்ற விவரங்கள் அவற்றில் இருக்கும். ஜிப்பை விரித்தால் வரும் ஃபோல்டரை அப்படியே உள்ளே போட்டுவிட்டு வரவில்லையே என்று கேட்கிறவர்கள் உண்டு. டிஎல்எல் நேராக வேம்ப் ப்ளகின்ஸ் ஃபோல்டரில் இருக்க வேண்டும், அதற்குள் இன்னொரு ஃபோல்டரில் அல்ல.

இன்னொன்றையும் பாருங்கள். எங்கோ ஒரு வழிகாட்டியைப் படித்துவிட்டு 'வேம்ப் பாத்' என்ற சூழல் மாறியை (ப்ளகினை எங்கே தேடுவது என்று விண்டோஸ் அமைப்பில் எழுதி வைக்கும் குறிப்பு) யாராவது உங்கள் கணினியில் அமைத்திருந்தால், அது வழக்கமான இடங்களோடு கூடுதலாகச் சேராது. அவற்றுக்குப் பதிலாக வந்துவிடும். அந்த மாறி இருந்தால் நீக்கிவிட்டு நிரலை மூடித் திறவுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லையென்றால், நிரல் தொடங்கும்போது சில ப்ளகின்களை ஏற்ற முடியவில்லை என்று ஒரு பெட்டி வருகிறதா என்று கவனியுங்கள். அதை மூடிவிடாமல் படியுங்கள், காரணம் அதிலேயே இருக்கும். அடிக்கடி வருகிற காரணம் விஷுவல் சி++ இயக்கநேரக் கோப்புகள், அதாவது ப்ளகின் ஓடுவதற்குத் தேவைப்படும் மைக்ரோசாஃப்டின் பொதுக் கோப்புகள், இல்லாதது. பழைய டிஎல்எல் ஒவ்வொன்றும் தான் மைக்ரோசாஃப்டின் நிரலாக்கக் கருவியான விஷுவல் ஸ்டுடியோவின் எந்த ஆண்டுப் பதிப்பில் தொகுக்கப்பட்டதோ அந்த ஆண்டின் இயக்கநேரத்தைத் தேடும். 2008 என்றால் 90 என்ற எண்ணுள்ள கோப்பு, 2010 என்றால் 100 என்ற எண்ணுள்ள கோப்பு. 2015-இலிருந்து வந்தவை எல்லாம் 140 என்ற ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. பழைய லேப்டாப்பில் வேறு ஏதோ நிரல் அதைப் போட்டு வைத்திருந்திருக்கும். புதிய கணினியில் யாரும் போடவில்லை. உங்கள் விண்டோஸ் 64-பிட் என்பதால் 64-பிட் இயக்கநேரத்தைப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ப்ளகின் 32-பிட் என்றால் எக்ஸ்86, அதாவது 32-பிட், இயக்கநேரம்தான் வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே எடுங்கள். காணாமல்போன டிஎல்எல்லை மட்டும் தனியாகத் தருகிறோம் என்று சொல்லும் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம். அங்கே கிடைப்பது எந்தப் பதிப்பு, யார் கை வைத்தது என்று யாருக்கும் தெரியாது.

ஏற்கெனவே அப்படித் தனியாக எடுத்துவிட்டவர்களுக்காக, டிஎல்எல்லை எங்கே போடுவது என்பதில் விண்டோஸ் வைத்திருக்கும் விநோதத்தையும் சொல்லிவிடுகிறேன். 64-பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' ஃபோல்டரில் இருப்பவை 64-பிட் கோப்புகள். 'சிஸ்வாவ்64' ஃபோல்டரில் இருப்பவை 32-பிட் கோப்புகள். பெயரைப் பார்த்துப் போட்டவர்கள் சரியாகத் தலைகீழாகப் போட்டுவிட்டு, சி000007பி என்று முடியும் பிழை எண்ணோடு வருவார்கள். அந்த எண்ணைப் பார்த்தால் 32-உம் 64-உம் எங்கோ கலந்துவிட்டன என்று முதலில் சந்தேகப்படுங்கள். நிரல் ஒன்றும் சொல்லாமல் மறைந்துபோனால், பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவர் என்ற விண்டோஸ் கருவியில் விண்டோஸ் பதிவுகளுக்குள் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்து, அந்த நேரத்தில் விழுந்த பிழையில் எந்த டிஎல்எல் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி நீங்கள் சந்தேகப்பட்ட ப்ளகினாகவே இருக்காது, என்றோ போட்டு மறந்த வேறொன்றாக இருக்கும்.

விண்டோஸின் பாதுகாப்பு வைக்கும் தடைகளும் உண்டு. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு என்று விண்டோஸ் ஒரு முத்திரை குத்தி வைக்கும். ஜிப்பை விரிப்பதற்கு முன்பே அதன் ப்ராபர்டீஸில் அன்பிளாக் என்ற கட்டத்தை டிக் செய்துவிடுங்கள். விரித்த பிறகு ஒவ்வொரு கோப்பாகச் செய்வது வீண் வேலை. புதிதாக விண்டோஸ் 11 போட்ட கணினிகளில் ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல் என்ற காவலும் இருக்கலாம். கையொப்பமில்லாத பழைய டிஎல்எல்லை அது தடுத்துவிடும். இந்த ஒன்றுக்காக அதை அணைப்பதற்கு முன் யோசியுங்கள். ஒருமுறை அணைத்தால் விண்டோஸைப் புதிதாக நிறுவாமல் மறுபடி போட முடியாது என்ற நிலைதான் நீண்ட நாள் இருந்தது. ஆய்வுக்கென்று தனிக் கணினி என்றால் அணைக்கலாம். அதே கணினியில்தான் வங்கி வேலையும் என்றால் கடைசியில் சொல்லும் மெய்நிகர் கணினி (உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு நிரலாக ஓடும் இன்னொரு கணினி) வழியைப் பாருங்கள்.

இரண்டாவது, ஒலிக்கோப்பு எங்கே என்று கேட்பது. இது கோளாறே இல்லை. சோனிக் விஷுவலைசரின் எஸ்வி கோப்புக்குள் ஒலி இருக்காது. ஒலிக்கோப்பு இருந்த முகவரி மட்டும் இருக்கும். முகவரி மாறிவிட்டால் கேட்கும், காட்டினால் எடுத்துக்கொள்ளும். காட்டுவது அதே பதிவின் அதே கோப்பாக இருக்க வேண்டும், அதே கச்சேரியின் வேறொரு பிரதியாக இருக்கக்கூடாது. ஏன் என்பது மூன்றாவதில் தெரியும்.

கோப்பைக் காட்டியும் திறக்கவில்லையென்றால் பெயரைப் பாருங்கள். ஃபோல்டருக்கோ கோப்புக்கோ தமிழில் பெயர் வைத்திருக்கிறீர்களா? யூனிகோடுக்கு முந்தைய பழைய நிரல்கள் கோப்பின் பெயரை விண்டோஸின் ஆன்சி எழுத்துத் தொகுப்பு வழியாகத்தான் படிக்கும். ரஷ்யனுக்கும் கிரேக்கத்துக்கும் அப்படி ஒரு தொகுப்பு உண்டு. தமிழுக்கு விண்டோஸ் அப்படி ஒன்றை வைக்கவே இல்லை, தமிழ் அங்கே நேராக யூனிகோடாகவே வந்தது. அதனால் 'தோடி ஆலாபனை' என்பது பழைய ப்ளகினுக்கோ அதன் துணைக்கருவிக்கோ வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ச்சேரும், கோப்பு இல்லை என்று சொல்லிவிடும். விண்டோஸ் பயனர் கணக்கின் பெயரையே தமிழில் வைத்திருந்தால் இன்னும் கஷ்டம். தற்காலிகக் கோப்புகள் போகும் இடத்தின் முகவரியில் அந்தப் பெயர் இருக்கும், எதையுமே எழுத முடியாமல் நிரல் விழும். உலக மொழிகளுக்கு யூடிஎஃப்-8 என்று விண்டோஸ் மண்டல அமைப்பில் ஒரு சோதனைத் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் சில நிரல்கள் பிழைக்கும், வேறு சில சாகும், ஆகவே நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சி டிரைவில் ஆங்கில எழுத்தில் சின்னப் பெயரோடு ஒரு ஃபோல்டர் போட்டு, ஆய்வுக்கான எல்லாவற்றையும் அதில் வைப்பது எளிது. டாகுமென்ட்ஸ் ஃபோல்டரைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு: விண்டோஸ் 11 அதைக் கேட்காமலே ஒன்டிரைவுக்குள் நகர்த்தியிருக்கக்கூடும். அப்படியானால் முகவரி மாறியிருக்கும், கோப்பு இணையத்தில் மட்டும் இருக்கும்.

இப்போது மூன்றாவது. தாளக்குறிகள் அடியை விட்டு விலகி நிற்பது உங்கள் பிரமை அல்ல. உங்கள் பதிவுகள் எம்பி3 என்றே நினைக்கிறேன். வேவ் கோப்புகளில் இது நடக்காது.

எம்பி3-யாகச் சுருக்கும்போது தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்கிறது. லேம் என்ற பிரபலமான என்கோடர், அதாவது சுருக்கும் நிரல், வழக்கமாக 576 சாம்பிள் (ஒலியின் மிகச்சிறு அளவுப்புள்ளி) சேர்க்கும். விரிக்கும் டிகோடர் தன் பங்குக்கு 529 சாம்பிள் தாமதம் சேர்க்கும். மொத்தம் 1105. வினாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் அது 25 மில்லிவினாடி. இவ்வளவு சேர்த்தேன் என்று லேம் கோப்பின் முதல் சட்டகத்திலேயே, அதாவது முதல் துண்டிலேயே, எழுதி வைத்துவிடும். அதைப் படித்து அந்த மௌனத்தை வெட்டியெறியும் டிகோடர்களும் உண்டு, அதைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் விரிக்கும் டிகோடர்களும் உண்டு. குறிப்பு எழுதியிருக்கும் அந்தச் சட்டகத்தையே ஒலி என்று நினைத்து விரித்து, இன்னொரு 1152 சாம்பிள் மௌனத்தைக் கூட்டுகிறவையும் உண்டு. அப்போது மொத்த விலகல் 51 மில்லிவினாடி.

பழைய சோனிக் விஷுவலைசர் வெட்டாமல் விரித்தது. புதியது வெட்டி விரிக்கும் முறையைக் கொண்டிருக்கிறது. ஆகவே நீங்கள் பழைய பதிப்பில் மிருதங்க அடியின்மேல் சரியாக வைத்த குறி, புதிய பதிப்பில் அடிக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கும். குறி நகரவில்லை, குறிக்குக் கீழே இருந்த ஒலிதான் முன்னால் நகர்ந்திருக்கிறது. ஆலாபனையில் ராக வடிவத்தைப் பார்க்கிறவருக்கு 25 மில்லிவினாடி ஒரு பொருட்டில்லை. தனி ஆவர்த்தனத்தில் அடிகளுக்கு இடையிலான இடைவெளியை அளக்கிறவருக்கும்கூட எல்லாக் குறியும் ஒரே அளவு தள்ளியிருப்பதால் இடைவெளி கெடாது. கெடுவது எப்போதென்றால், பழைய பதிப்பில் வைத்த குறிகளையும் புதிய பதிப்பில் எடுத்த சுருதிக்கோட்டையும் ஒரே அட்டவணையில் சேர்க்கும்போது. கமகம் எந்த அடியில் தொடங்குகிறது என்று பார்க்கிறீர்கள் என்றால் விடையே மாறிப்போகலாம்.

சோதிப்பது இப்படி. தெளிவான, தனியான ஓர் அடி விழும் இடத்துக்குப் போய், அலைவடிவத்தை முடிந்த அளவு பெரிதாக்குங்கள். குறிக்கும் அடியின் தொடக்கத்துக்கும் நடுவே எவ்வளவு என்று அளந்து கொள்ளுங்கள். பதிவின் தொடக்கம், நடு, இறுதி மூன்றிலும் அளக்க வேண்டும். மூன்றிலும் 25-ஐ ஒட்டியோ 51-ஐ ஒட்டியோ ஒரே எண் வந்தால் நான் மேலே சொன்னதுதான் காரணம். போகப்போக விலகல் கூடினால் அது வேறு நோய். நீங்கள் காட்டியிருப்பது அதே கோப்பு அல்ல, வேகம் கொஞ்சம் மாறிய இன்னொரு பிரதி. கேசட்டிலிருந்து இரண்டு முறை எடுத்த பதிவுகளில் இது சகஜம்.

ஒரே அளவு விலகல் என்றால் இரண்டு வழி. விருப்பத்தேர்வுகளில் எம்பி3-யை இடைவெளியின்றி விரிக்கும் தேர்வை அணைத்துவிட்டுக் கோப்பை மறுபடி திறந்து பார்க்கலாம். பழைய வேலையைப் பார்வையிட மட்டும் என்றால் இது போதும். அதை வைத்து வேலையைத் தொடரப் போகிறீர்கள் என்றால் நான் அடுத்த வழியையே சொல்வேன். குறிகள் இருக்கும் அடுக்கைக் கோப்பு மெனுவில் ஏற்றுமதி செய்து, எக்ஸெலிலோ லிப்ரே ஆபிஸிலோ நேரப் பத்தியில் அந்த விலகலைக் கழித்து, திரும்ப இறக்குமதி செய்யுங்கள். கூடவே எம்பி3-யை ஒருமுறை வேவாக மாற்றிவிட்டு, இனி அந்த வேவை மட்டுமே பயன்படுத்துங்கள். மாற்றும் கருவி மௌனத்தை வெட்டியதா என்று மறுபடி ஓர் அடியை வைத்துச் சோதித்துவிட்டால் அத்தோடு இந்தத் தலைவலி முடிந்தது. எதிர்காலத்தில் எந்த டிகோடர் எப்படி மாறினாலும் வேவில் முதல் சாம்பிள் முதல் சாம்பிள்தான்.

சுருதிக்கோட்டுக்கும் இதே மாதிரி ஒரு மறைமுகச் சிக்கல் இருக்கிறது. மெலோடியாவை மறுபடி ஓட வைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய கணினியில் அது இயல்பு அமைப்போடு தொடங்கும். அதில் அதிர்வெண் வரம்பு 55 முதல் 1760 ஹெர்ட்ஸ் வரை. பழைய லேப்டாப்பில் நீங்கள் அதைக் குறுக்கியிருந்தால் இப்போது வரும் கோடு வேறாக இருக்கும், ப்ளகின் மாறிவிட்டது என்று நினைப்பீர்கள். பழைய அமைப்பு உங்கள் எஸ்வி கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கிறது. எஸ்வி என்பது பிஜிப்2 முறையில் சுருக்கிய எக்ஸ்எம்எல் எழுத்துக் கோப்பு, அவ்வளவுதான். ஒரு நகலை எடுத்து 7-ஜிப்பில் திறந்தால் உள்ளே இருப்பதை நோட்பேடிலேயே படிக்கலாம். 'டெரிவேஷன்' என்ற பகுதியைத் தேடுங்கள். எந்த ப்ளகின், எந்தப் பதிப்பு, எந்தெந்த அளவுருக்கள், சட்டக அளவு என்ன என்று வரிசையாக இருக்கும். மெலோடியா என்றால் 2048 சாம்பிள் சட்டகம், 128 சாம்பிள் தாவல், அதாவது ஏறக்குறைய 2.9 மில்லிவினாடிக்கு ஒரு சுருதி மதிப்பு.

அதே கோப்புக்குள் இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. நேரப்புள்ளிகள், சுருதிக்கோடு போன்ற அடுக்குகளின் மதிப்புகளும் அதிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். மெலோடியா இல்லாமலே பழைய சுருதிக்கோட்டைத் திறக்கலாம், ஏற்றுமதி செய்யலாம். புதிதாகக் கணக்கிடத்தான் ப்ளகின் வேண்டும். உங்களிடம் இருப்பது முடிந்துபோன வேலை மட்டும்தான், இனி புதிய பதிவுகள் இல்லை என்றால், மேலே ப்ளகின் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் தாண்டிவிட்டு ஏற்றுமதி செய்துகொண்டு போய்விடலாம்.

ஏற்றுமதி செய்த அட்டவணையில் சுருதி மதிப்புகள் சில இடங்களில் கழித்தல் குறியோடு இருந்தால் பயப்படாதீர்கள். குரல் இல்லை என்று தான் நினைக்கும் இடங்களிலும் ஒருவேளை குரல் இருந்தால் இந்தச் சுருதியாக இருக்கும் என்று மெலோடியா ஊகித்து, அதை எதிர்மறை எண்ணாக எழுதும். சராசரி எடுக்கும்போது அவற்றை நீக்காவிட்டால் அபத்தமான விடை வரும். நேர்மறை எண்ணாக மாற்றிச் சேர்ப்பதா, விட்டுவிடுவதா என்பது உங்கள் ஆய்வைப் பொறுத்தது. ஆலாபனையில் மூச்சு விடும் இடங்களைத் தம்புராவும் வயலினும் நிரப்பிவிடும் என்பதால் நான் விட்டுவிடுவேன்.

வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரைக் கட்டைக்குப் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் ஏறக்குறைய 139 ஹெர்ட்ஸ். கீழே மந்தரப் பஞ்சமம் 104, மேலே தாரப் பஞ்சமம் 416. எண்பதிலிருந்து அறுநூறு வரை வைத்தாலே தாராளம். 1760 வரை திறந்து வைத்தால், குரல் தாழும்போது கோடு வயலினைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்தாயி மேலே தாவும். ஆனால் பழைய முடிவுகளோடு ஒப்பிட வேண்டியிருந்தால் பழைய வரம்பையே, அது மோசமானதாக இருந்தாலும், வையுங்கள்.

ஒப்பிடுவது என்றால் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்வது அல்ல. ஒரு வேவ் கோப்பிலிருந்து அரை நிமிடத்தை வெட்டி எடுத்து, பழைய அமைப்போடு புதிய கணினியில் மெலோடியாவை ஓட்டி, வந்த அட்டவணையையும் எஸ்வி கோப்பிலிருந்து எடுத்த பழைய அட்டவணையின் அதே பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு மதிப்புகளின் விகிதத்தை இரண்டின் அடிமான மடக்கையாக எடுத்து 1200-ஆல் பெருக்கினால் வித்தியாசம் சென்ட்டில் (ஒரு ஸ்தாயியில் 1200-இல் ஒரு பங்கு) வரும். அதே டிஎல்எல், அதே அமைப்பு என்றால் அநேகமாகச் சுழியம்தான் வரும். வெட்டிய துண்டின் ஓரங்களில் மட்டும் மாறும், ஏனென்றால் மெலோடியா முழுப் பாட்டையும் பார்த்து எந்தக் கோடு குரல் என்று முடிவெடுக்கிறது. அங்கங்கே 1200 சென்ட் வந்தால் ஸ்தாயி தாவல். எல்லா இடத்திலும் ஒரே சிறு எண் வந்தால் பதிவின் வேகமோ சாம்பிள் வீதமோ மாறியிருக்கிறது.

32-பிட் டிஎல்எல்லை நம்பிக் காலம் தள்ள வேண்டாம் என்று தோன்றினால் அதே பார்சிலோனாக் குழுவின் எசென்ஷியா நூலகத்தில் மெலோடியா முறை இருக்கிறது, பைத்தானில் கூப்பிடலாம். விண்டோஸில் அதை நேராகப் போட முயல்வதைவிட டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக லினக்ஸில் போடுவது சுலபம். முறை ஒன்றுதான், குறியீடு வேறு. ஆகவே எண்கள் அச்சு அசலாக ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ளாமல் மேலே சொன்ன ஒப்பீட்டைச் செய்துவிட்டு மாறுங்கள். பக்கவாத்தியமில்லாத தனிக்குரல் என்றால் பியின் என்ற வேம்ப் ப்ளகினே போதும், அதற்கு 64-பிட் வகை இருக்கிறது, தனிக்குரலில் அது மெலோடியாவைவிடச் சுத்தமாக வேலை செய்யும் என்பது என் கருத்து.

நான்காவது, மைக்கில் மௌனம். இது சோனிக் விஷுவலைசருக்கும் உங்கள் மைக்குக்கும் சம்பந்தமில்லாதது. விண்டோஸ் 10-இன் காலத்திலிருந்து செட்டிங்ஸில் பிரைவசிக்குள் மைக்ரோஃபோன் என்ற பகுதி இருக்கிறது. அதன் அடியில் டெஸ்க்டாப் நிரல்கள் மைக்கைப் பயன்படுத்தலாமா என்று தனியாக ஒரு பொத்தான். அது அணைந்திருந்தால் பழைய நிரலுக்குப் பிழை எதுவும் சொல்லப்படாது, மௌனம் மட்டுமே கொடுக்கப்படும். போட்டுவிடுங்கள். எழுத்துகள் மிகச் சிறியதாகவோ மங்கலாகவோ தெரிந்தால் நிரலின் ப்ராபர்டீஸில் கம்பாடிபிலிட்டி பகுதிக்குப் போய், ஹை டிபிஐ அமைப்பில் சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

உங்களோடு வேலை செய்கிறவர் மேக் வைத்திருந்தால் அவருக்கும் சில வார்த்தை. 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து மேக்கில் 32-பிட் எதுவுமே ஓடாது, அதற்குச் சுற்றுவழி இல்லை. எம்-வகைச் சிப் உள்ள மேக்குகளில் இன்டெல் ப்ளகின் வேண்டுமென்றால், நிரலின் கெட் இன்ஃபோ பெட்டியில் ரொசெட்டா (இன்டெல் நிரல்களைப் புதிய சிப்பில் ஓட்டித் தரும் ஆப்பிளின் வசதி) வழியாகத் திற என்பதை டிக் செய்து பார்க்கலாம். ரொசெட்டாவை ஆப்பிள் நிரந்தரமாக வைத்திருக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டதால் அதை நம்பி மூன்று வருட ஆய்வைத் திட்டமிடக்கூடாது. கையொப்பமில்லாத நிரலை ரைட் கிளிக் செய்து திறக்கும் பழைய தந்திரம் சிகோயா என்ற மேக் பதிப்பிலிருந்து எடுபடாது. சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குப் போய் அனுமதிக்க வேண்டும். ப்ளகின் போட வேண்டிய லைப்ரரி ஃபோல்டர் மறைந்திருக்கும். ஃபைண்டரின் கோ மெனுவை ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால் தெரியும்.

இவ்வளவும் செய்தும் ஏதாவது ஒரு பழைய ப்ளகின் பிடிவாதம் பிடித்தால், விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் 7-ஐப் போட்டு அதற்குள் பழைய சோனிக் விஷுவலைசரை வையுங்கள். அந்த மெய்நிகர் கணினிக்கு இணையத்தைக் கொடுக்காதீர்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸ் அது. ஒலிக்கோப்பை உள்ளே அனுப்பவும் அட்டவணையை வெளியே எடுக்கவும் பகிர்ந்த ஃபோல்டர் ஒன்று போதும். உள்ளே ஒலியைக் கேட்க முயல வேண்டாம், மெய்நிகர் ஒலிக்கருவியில் தாமதமும் வெட்டலும் இருக்கும். கணக்கிடுவதற்கு அது தடையில்லை, ஏனென்றால் ப்ளகின் கோப்பிலிருந்து நேராகப் படிக்கிறது, ஒலிபெருக்கிக்குப் போகும் ஒலியிலிருந்து அல்ல.

முதலில் பென்டிரைவ் நகல், அடுத்து ஒரே ஓர் எஸ்வி கோப்பை எடுத்து அடி விலகலை அளப்பது, அதன் பிறகு மெலோடியா. இந்த வரிசையில் போங்கள். விலகல் 25-உம் இல்லாமல் 51-உம் இல்லாமல் வேறு எண் வந்தால், அந்த எண்ணையும், எம்பி3-யை எதில் மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.